புனேக் காற்றும் பொடி டப்பியும்

சென்னையிலிருந்து இரயிலேறிப் புனே நகருக்கு வரும் அன்பர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். வண்டி கடப்பையைத் தாண்டிக் குந்தக்கல்லை நெருங்கும்பொழுதே உதடு உலரத் தொடங்கிவிடும். ராய்ச்சூர், சோலாப்பூர், தௌண்டு என்று வடமேற்கே வர வர, கடற்கரை ஊர்க் காற்றின் பிசுபிசுப்பு முற்றிலும் நீங்கி, காய்ந்த காற்று ஜன்னல் வழியே முகத்தில் வீசும். மனிதர்களாகிய நமக்கு மட்டுமன்று, நம் மூட்டைகளுக்கும் இந்த மாறுதல் தெரிகிறது. கூடையிலுள்ள கும்பகோணம் வெற்றிலை துவண்டு போகிறது. அப்பளக் கட்டு ஓரங்களில் நொறுங்குகிறது. பெரியவர்கள் இடுப்பில் செருகிவரும் பொடி மட்டையும் தன் குணத்தை இழக்கத் தொடங்குகிறது.

மூக்குப்பொடியைப் பற்றியா ஒரு கட்டுரை என்று இளைய வாசகர்கள் முறுவலிக்கக்கூடும். பொடி போடும் வழக்கம் நம்மிடையே குறைந்துவிட்டது என்பது உண்மைதான், குறைந்ததும் நல்லதே. ஆயினும் மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் பலரது மேல்துண்டின் முடிச்சில் இன்றும் ஒரு டப்பி இருக்கிறது. அந்த டப்பியால் இல்லங்களில் எழும் தொல்லைகள் பல. அவற்றைப் பற்றி நாம் விசாரிக்கப் புகுந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுகிறோம்.

புனேயில் தமிழர் குடியேற்றம் நேற்றையதன்று. 1818-ஆம் ஆண்டில் பேஷ்வாக்களின் ஆட்சி முடிவுற்று, கண்டோன்மெண்ட் பெருகிய காலந்தொட்டே தென்னாட்டார் இங்கே வந்துகொண்டிருக்கின்றனர். 1869-இல் தொடங்கப்பெற்ற கிர்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும், தென் பிராந்திய இராணுவத் தலைமையகத்தின் கணக்கு அலுவலகங்களும், 1954-இல் பிம்ப்ரியில் எழுந்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிலையமும் நம்மவர் பலருக்குச் சோறிட்டன. ராஸ்தா பேட்டையிலும், கிர்கியிலும், தேஹு ரோட்டிலும் தமிழ்க் குரல் கேளாத தெருக்கள் சிலவே. முன்னாளில் உத்தியோகம் ஏற்று வந்தவர்கள் தம்முடன் கொணர்ந்த பண்டங்களின் பட்டியலில் காப்பிக்கொட்டை, புளி, பெருங்காயம் இவற்றோடு பட்டணம் பொடிக்கும் இடமிருந்தது. டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி என்ற விளம்பரத்தைப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டியவர்கள் அறியாதிருக்க முடியாது.

மராத்தியருக்கும் பொடி புதிதன்று. அவர்கள் அதனைத் ‘தப்கீர்’ என்கின்றனர். பழுப்பு நிறத்துக்கு மராத்தியில் வழங்கும் பெயரே ‘தப்கிரி’ என்பதுதான். அதாவது பொடியின் நிறம்! நம் பெண்மணிகளும் ஜவுளிக் கடையில் ‘மூக்குப்பொடி நிறப் புடவை’ என்று கேட்பதில்லையா? இரண்டு மொழியினரும் ஒருவரையொருவர் கேளாமலேயே ஒரு நிறத்துக்கு ஒரே பெயரை இட்டிருக்கின்றனர். இதனால் விளைந்த வேடிக்கை ஒன்று. நம்முடன் துளசிபாகுக் கடைவீதிக்கு வந்த நண்பர், தமக்குத் தெரிந்த மராத்தியில் “தப்கிரி டபா இருக்கிறதா?” என்று வினவினார். கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு, மசாலா போட்டு வைக்கும் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஆறினை எடுத்து வரிசையாக வைத்துவிட்டார். “தப்கிரிச்சி டபீ” என்று திருத்திக் கேட்ட பின்னரே அவர் முகத்தில் புன்னகை அரும்பியது. “எங்கள் பாட்டனார் வைத்திருந்தார், இப்பொழுது யார் வாங்குகிறார்கள்?” என்றார்.

இனி, காரணத்துக்கு வருவோம். அந்த நண்பரின் தந்தையார் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்தவர், எண்பத்திரண்டு வயது, நீரிழிவு நோயாளி. மனைவியை இழந்தபின் புனேக்கு வந்து மகனோடு இருக்கிறார். மராத்தியும் இந்தியும் அறியார். பூங்காவில் உட்கார்ந்தாலும் பேச்சுத் துணை இல்லை. ஊரிலிருந்து அவரோடு வந்த பழைய சிநேகிதம் அந்தப் பொடி ஒன்றே என்று மருமகள் சொல்வதுண்டு. சென்ற ஆண்டு ஆடி மாதத்து மழைநாளில், புதிதாக வந்த தகர டப்பி ஒன்று அவருக்குத் திறக்க மறுத்தது. விரல்களில் வலுவில்லை; யாரையும் கூப்பிடக் கூச்சம். காய் நறுக்கும் கத்தியின் முனையை மூடியின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். மூடி தெறித்தது, கத்தி உள்ளங்கையில் இறங்கியது, பக்கத்தில் அமர்ந்திருந்த நான்கு வயதுப் பேரனின் கண்களில் பொடி முழுதும் சிதறியது. குழந்தையின் அலறலைக் கேட்டு ஓடிவந்த மருமகள், அவனைக் குழாயடியில் பிடித்துக் கால் மணி நேரம் கண்களில் நீரை விட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் அவனைக் காத்தது என்று பின்னர் மருத்துவர் கூறினார். பொடியில் சுண்ணாம்பு கலந்திருப்பதால் கண்ணில் விழுந்தால் தேய்க்கலாகாது. நிறைய நீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரியவரின் கைப்புண்தான் ஆற இரண்டு மாதங்களாயின. நீரிழிவு உடம்பல்லவா?

“இனி இந்த வீட்டில் பொடியே கூடாது, அப்பா” என்றார் மகன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் சரியாக உண்ணவும் இல்லை. மூன்றாம் நாள் மருமகளிடம், “அம்மா, பொடி மேல் தப்பில்லை; டப்பி மேல்தான் தப்பு” என்றாராம். அந்த வாக்கு நம்மைச் சிந்திக்க வைத்தது. டப்பி மேல் என்ன தப்பு என்று பார்த்துவிடுவோமே என்று புறப்பட்டோம்.

தகர டப்பி என்பது உண்மையில் இரும்புத் தகடு. மேலே வெள்ளீயப் பூச்சு. பூச்சு உள்ள பரப்பில் துரு ஏறாது. ஆனால் தகட்டை வெட்டிய விளிம்பில் இரும்பு திறந்து கிடக்கிறது. மூடியும் டப்பியும் உராயும் இடமும் அந்த விளிம்பே. மழைக்காலத்து ஈரமும், பொடித் துகளும் அங்கே சேர்ந்துவிட்டால், துருவும் பொடியும் பசைபோல் இறுகி மூடியைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே திறக்காத டப்பியோடு மல்யுத்தம் செய்வதில் பயனில்லை. மூடியின் பக்கவாட்டில் அகலமான ரப்பர் வளையம் ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் வழுக்காத பிடி கிடைக்கும். டப்பியைக் கிடையாகப் பிடித்து, மூடியின் விளிம்பை மேசைப் பலகையின் மேல் மெல்ல அழுத்தி ஒரு முழுச் சுற்று உருட்டினால் இறுகிய துரு நொறுங்கிவிடும். அதன்பின் முகத்துக்குத் தொலைவில் வைத்துத் திருகித் திறக்க வேண்டும். கத்தி, கத்தரிக்கோல், ஊசி இவை அருகில் வரவே கூடாது. பொடிப் பிரியர்கள் திறப்பதற்கு முன் மூடியை இரண்டு தட்டுத் தட்டுவதைப் பலர் வெறும் பழக்கம் என்றே எண்ணுகின்றனர். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் பொடி கீழே விழுந்து, திறக்கும்பொழுது பறவாதிருப்பதற்கு முன்னோர் கண்ட உபாயம் அது.

மூடி அளவுக்கு மேல் இறுகியிருப்பது ஒரு தொல்லையென்றால், தளர்ந்திருப்பது மற்றொன்று. தளர்ந்த டப்பி சட்டைப் பையில் கவிழ்ந்து வேட்டியையும் மேல்துண்டையும் பாழாக்கும். அத்துடன் நில்லாமல் காற்றையும் உள்ளே விடும். புனேயில் கேடு முழுவதும் அங்கேதான் பிறக்கிறது.

சிவாஜி நகரில் ‘சிம்லா ஆபீஸ்’ என்று ஊரார் அழைக்கும் கல் கட்டடத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். வானிலை ஆராய்ச்சி இலாகாவின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இங்கு மாற்றப்பட்டதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. அந்த இலாகாவில் கே.ஆர். ராமநாதன், எல்.ஏ. ராமதாஸ் முதலிய தென்னாட்டு விஞ்ஞானிகள் பணியாற்றிப் பெயர் பெற்றனர். அங்கே அளந்து வரும் காற்றின் ஈரத்தை நம் பொடி டப்பியும் தன் வழியில் அளக்கிறது என்று சொல்லலாம். புனே கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், ஸஹ்யாத்ரி மலையின் கிழக்குப் புறத்தில் இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் வேளையில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலோ மலையைத் தாண்டிவரும் மழை மேகங்களால் காலை வேளையில் ஈரப்பதம் 80 சதவீதத்தையும் கடக்கும். சென்னையில் ஆண்டு முழுதும் ஓரளவு ஒரே ஈரத்தில் வாழும் பொடி, இங்கே ஆறு மாதம் காய்ந்து, நான்கு மாதம் நனைந்து தவிக்கிறது.

பொடியின் உட்கூறுகளை அறிந்தால் இந்தத் தவிப்பு விளங்கும். நம் நாட்டுப் பொடி, புகையிலையைப் பக்குவமாக வறுத்து இடித்துச் சலித்து, நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்வது. புகையிலையிலுள்ள நிகோடின் சுண்ணாம்பின் காரத்தால் விடுபட்டு ஆவியாகும் தன்மை பெறுகிறது. மூக்கில் ‘சுரீர்’ என்று ஏறுவதும் அதுவே. (சுவையின் உறைப்பையும், இரசாயன நூலார் கூறும் காரப் பொருளையும் தமிழில் ஒரே சொல்லால் குறிப்பது இவ்விடத்தில் மிகப் பொருத்தமாகிவிட்டது.) காற்று உட்புகுந்தால் அதிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பை நாளடைவில் வெறும் சுண்ணக்கல் தூளாக்கிவிடும். நெய் காறிப்போய்ச் சிக்கு வாடை வீசும். உலர்ந்த பொடி தூசியாய்ப் பறந்து தொண்டையில் இறங்கி இருமலைத் தரும். நனைந்த பொடி கட்டிதட்டிப் பூசணம் பூக்கும். பெரியவர் “இந்த ஊர்க் காற்றுக்குப் பொடி கூடச் செத்துப் போகிறது” என்று அடிக்கடி சொல்லிவந்தது வீண் முறையீடன்று. காரம் போன பொடியில் திருப்தி இல்லாததால் அவர் ஒன்றுக்கு மூன்று சிட்டிகை போட்டுவந்தார் என்பதும் பின்னர் தெரியவந்தது.

நல்ல டப்பி தேடி நாம் சென்ற இடங்கள் மூன்று. துளசிபாகைப் பற்றி முன்னமே சொன்னோம். அங்கே எவர்சில்வர் சிமிழ்கள் உண்டு. குங்குமத்துக்கு ஏற்றவை, பொடிக்கு மூடி போதாது. அடுத்தது கஸ்பா பேட்டையிலுள்ள தாம்பட் ஆளி. செம்புக் கன்னார்களின் தெரு. பேஷ்வாக்கள் காலந்தொட்டுச் சுத்தியல் ஓசை கேட்டுவந்த இடம். அகன்ற செம்புத் தவலைகளைத் தட்டித் தட்டி மணி மணியாகப் பள்ளம் இடும் அழகைப் பார்த்துக்கொண்டு அரை நாள் நிற்கலாம், நாமும் நின்றோம். ஆனால் பொடிக்குச் செம்பும் பித்தளையும் ஆகா. ஈரமும் பொடியின் ஆவியும் சேர்ந்தால் களிம்பு ஏறும். அங்கிருந்த முதியவர் ஒருவரே, “கல்ஹய் பூசாமல் இதில் எதையும் வைக்காதீர்கள்” என்று எச்சரித்தார். கல்ஹய் என்பது நாம் ஈயம் பூசுதல் என்பது. பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் நஞ்சு. மேனாட்டில் ஒரு காலத்தில் பொடியைக் காரீயத் தாளில் சுற்றி விற்றதனால், அதை உபயோகித்தவர்கள் ஈய நஞ்சேறிக் கை கால் தளர்ந்த செய்திகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ ஏடுகளில் உள்ளன. பழங்கால டப்பி என்று ஆசைப்பட்டு, உள்ளே இன்ன உலோகம் என்று அறியாத ஒன்றை வாங்கி உபயோகிப்பது தவறு.

இதை நாம் சொல்லக் காரணம், மூன்றாவது இடமாகிய ஜூனா பஜார். புதன், ஞாயிறு தினங்களில் கூடும் பழம்பொருள் சந்தை. தரையில் விரித்த கோணிகளின்மேல் பூட்டு, நாணயம், கடிகாரம், கிராமபோன் குழாய் என்று காணாததெல்லாம் காணலாம். பழைய சிமிழ்களும் கண்ணில் பட்டன. பார்க்க அழகு, பொடிக்கு உதவா. அழகுக்காகவே பார்ப்பதானால் பாஜிராவ் சாலையிலுள்ள ராஜா தினகர் கேல்கர் காட்சிசாலைக்குக் குடும்பத்தோடு போவது மேல். கேல்கர் என்ற ஒரு மனிதர், இளம் வயதில் மறைந்த தம் மகனின் நினைவாக ஊர் ஊராய்த் திரிந்து சேர்த்த வீட்டுப் பொருள்கள் அங்கே உள்ளன. 1962-இல் அத்தனையையும் அரசினருக்கே அளித்துவிட்டார். விளக்குகளையும் பாக்குவெட்டிகளையும் பார்த்துவிட்டு வந்தால், அன்றாடப் பண்டம் ஒன்றுக்கு மக்கள் எவ்வளவு அக்கறை காட்டினர் என்பது புலனாகும்.

முடிவில் விடை கிடைத்தது டப்பியில் அன்று, சீசாவில். சீன தேசத்தார் இதனை முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டனர். ஐரோப்பியர் பொடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுசென்றபோது, சீனர் தம் நாட்டு ஈரக் காற்றுக்குப் பெட்டி தாங்காதென்று, குறுகிய வாயுள்ள சிறு சீசாவில் இட்டுத் தக்கையால் அடைத்தனர். தக்கையின் அடியிலேயே ஒரு சின்னஞ்சிறு கரண்டியையும் பொருத்தினர். ஸ்காட்லாந்துக்காரர்கள் மரப்பெட்டிக்கே காற்றுப் புகாத மறைகீல் ஒன்றை அமைத்து, லாரன்ஸ்கர்க் என்ற ஊரின் பெயரால் புகழ்பெற்றனர். நம் நாட்டுப் பொடிக்கடைக்காரர் பெரிய பீங்கான் ஜாடியில் சரக்கை வைத்து, கேட்டவர்க்குக் கேட்ட அளவு வாழை மட்டையில் மடித்துத் தருவதும் இந்த ஞானமே. மட்டை இரண்டொரு நாளைக்குப் போதும். மாதக்கணக்கில் வைக்க அது ஏற்பட்டதன்று.

ஆகவே நண்பர் இல்லத்தில் இப்பொழுது செய்துள்ள ஏற்பாட்டைச் சொல்கிறோம். ஊரிலிருந்து வரும் பொடி 100 கிராமுக்கு மேற்படாமல் வரவழைக்கப்படுகிறது. வந்தவுடன் டப்பியிலிருந்து எடுத்து, நன்றாகக் காய்ந்த கண்ணாடிச் சீசாக்கள் நான்கில், மேல்வாய் வரை நிரப்பி இறுக மூடுகின்றனர். சீசாவில் காலியிடம் மிகுந்தால் காற்றும் மிகும் என்பதால் ஒரே பெரிய சீசாவைத் தவிர்த்தனர். ஒன்று மட்டும் உபயோகத்தில். மற்றவை இருட்டான அலமாரியின் மேல்தட்டில், பூட்டினுள்ளே, ‘பொடி’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி. காப்பிப்பொடி, கற்பூரம், பெருங்காயம் இவற்றின் பக்கத்தில் வைப்பதில்லை. ஒன்றன் மணம் மற்றொன்றில் ஏறிவிடும். கோடையில் உலர்ந்துபோனால் மேலே நீர் தெளிப்பது பலர் செய்யும் காரியம். சுண்ணாம்பு உடனே கட்டிபிடித்துக்கொள்ளும்; அதைச் செய்யலாகாது. சிறு துணித் துண்டைப் பிழிந்து, பொடியில் படாதவாறு மூடியின் உட்புறம் ஓர் இரவு கட்டித் தொங்கவிட்டால், பொடி தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். குளிர்ப்பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்துச் சீசாவின் குளிர் முழுதும் நீங்கிய பின்னரே திறக்க வேண்டும். இல்லையேல் காற்றின் ஈரம் உள்ளே பனித்து நிற்கும். மழைக்காலத்தில் ஈரக் கையால் சிட்டிகை எடுப்பதைவிடச் சிறு கரண்டியால் எடுப்பது நன்று. காலியான டப்பிகளில் மிளகையோ ஏலக்காயையோ போட்டு வைக்கும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். நிகோடின் குழந்தைகளுக்குச் சிறு அளவிலும் கேடு செய்யும் நஞ்சு.

பொடியைக் காப்பது பற்றி இவ்வளவு எழுதிவிட்டுப் பொடியைப் பற்றிய உண்மையை எழுதாமல் விடுவது முறையன்று. புகையாத புகையிலையும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக மருத்துவ அறிஞர் முடிவு கண்டுள்ளனர். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் அட்டவணையில் பொடியும் இடம் பெற்றிருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அதை விற்பது குற்றம். பேரறிஞர் அண்ணா அவர்களின் பொடிப் பழக்கம் அந்நாளில் நாடறிந்தது. 1969 பிப்ரவரி 3-இல் புற்றுநோயால் அவர் மறைந்ததும் நாடறிந்தது. காரணம் இன்னதென்று முடிவு கட்டுவது நம் வேலையன்று. ஆனால் இவ்விரண்டையும் சேர்த்து நினையாமலிருக்கவும் முடியவில்லை. இளைஞர் எவரும் இக்கட்டுரையைப் படித்துச் சீசா வாங்கப் புறப்பட வேண்டாம்.

அறுபதாண்டுப் பழக்கமுள்ள பெரியவரின் நிலை வேறு. மருத்துவர் அவரிடம் சிறிது சிறிதாகக் குறைக்கச் சொன்னார். சீசா அதற்கும் உதவியது. காரம் குன்றாத பொடியில் ஒரு சிட்டிகையே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு காலையும் அன்றைய அளவை மருமகள் சிறு சீசாவில் கரண்டியால் அளந்து வைக்கிறார். முதலில் நாளுக்குப் பதினைந்து சிட்டிகை, மார்கழியில் பத்து, இப்பொழுது ஐந்து.

சென்ற வாரம் நாம் அவ்வில்லத்துக்குச் சென்றபோது பெரியவர் முற்றத்து நாற்காலியில் அமர்ந்து, உள்ளங்கையின் தழும்பைத் தடவிக்கொண்டு, உள்ளே நோக்கிக் குரல் கொடுத்தார்: “அம்மா, விருந்தாளி வந்திருக்கிறார். ஆறாவதாக ஒன்று கொடுத்தால் என்ன?”

“அவர் பொடி போடமாட்டார், மாமா. காப்பிதான் கொண்டு வருகிறேன்” என்று பதில் வந்தது.